சுருட்டியின் புது வெர்ஷன்

அந்த நிரலுக்குச் சுருட்டி என்று பெயர் வைத்ததே அண்ணிதான். எழுதிய சின்னவன், அதாவது அவள் கொழுந்தன், அதற்கு வாயில் நுழையாத ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தான். அண்ணி அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, இருமல் மருந்து பேரு மாதிரி இருக்கு? எல்லாத்தையும் சுருட்டிக் கீழ வைக்குது. சுருட்டின்னு கூப்பிட்டாப் போதாதா?" என்றாள். அன்றிலிருந்து அது சுருட்டிதான்.

பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டர் திரையில் பத்து விண்டோ திறந்து கிடக்கும்போது ஒரு விசையைத் தட்டினால் போதும், அத்தனையும் மினிமைஸ் ஆகிக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். வேண்டிய ஒன்று மட்டும் மேலே வந்து நிற்கும். நிரல் எழுதிப் பிழைக்கிற எவனும் ஒரு விடுமுறையில் எழுதிவிடக்கூடிய சமாசாரம். சின்னவனும் அப்படித்தான் எழுதினான். ஆனால் அவன் பெருமையைப் பார்த்திருந்தால் விமானம் செய்து பறக்கவிட்டவன் என்று நினைத்திருப்பீர்கள்.

எழுதியது அண்ணிக்காகத்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். அண்ணி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். முன்னால் நீளமான மேசை, சுவர் முழுக்க ஃபிரேம்கள், பின்னால் ஒரு இருட்டறை. இருட்டறைக்குள் கண் பார்க்கிறவரை எல்லோரும் டெஸ்டர் என்றே கூப்பிடுவார்கள். வந்தவரை உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்து, கடைசியில் பவரை உள்ளே இருந்தபடியே உரக்கச் சொல்வார். "வலது, மைனஸ் ஒண்ணரை! சிலிண்டர் முக்கால்! ஆக்சிஸ் தொண்ணூறு!" எழுதிவைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. எதற்கு எழுத வேண்டும்? வெளியே அண்ணி இருந்தாளே.

அண்ணி திரையைப் பார்க்கமாட்டாள். காது இருட்டறையில் இருக்கும், கண் எதிரே நிற்பவர் முகத்தில் இருக்கும், விரல் பாட்டுக்கு ஓடும். "உங்க முகத்துக்கு வட்ட ஃபிரேம் வேண்டாம்மா, இதைப் போட்டுப் பாருங்க" என்று சிரித்துக்கொண்டே இரண்டு கண்ணுக்கும் உண்டான எண்களை அடித்து என்டர் தட்டியிருப்பாள். அதைப் பார்ப்பதற்கென்றே சிலர் கொஞ்சம் கூட நேரம் நின்றதுண்டு. அண்ணிக்கும் அது தெரியும். பள்ளிக்கூடத்துக்கு மேலே படிக்காதவளுக்கு, "எப்படிம்மா பாக்காமலே அடிக்கிறீங்க?" என்று யாராவது கேட்டால் அன்றைக்குச் சாப்பாடு வேண்டாம். வீட்டுக்கு வந்து இரண்டு தடவை சொல்வாள்.

அவளுக்கு இருந்த ஒரே தொல்லை, மேசைமேல் சாய்ந்து திரையை எட்டிப் பார்க்கிற ஜனங்கள். முந்தின ஆளின் பெயர், வயது, பவர் எல்லாம் உள்ள அட்டை திரையில் திறந்தபடியே இருக்கும். "ஓஹோ, எதிர்வீட்டுக்காரருக்கு இவ்வளவு பவரா?" என்று ஒருவர் கேட்கப்போய், எதிர்வீட்டுக்காரர் வந்து முதலாளியிடம் சண்டை போட்டார். அதற்குத்தான் சுருட்டி. அடுத்த ஆள் உள்ளே போனதும் ஒரு தட்டு. பழைய அட்டையெல்லாம் கீழே போகும், புது ஆளின் வெற்று அட்டை மேலே வரும்.

"என் கொழுந்தன் எழுதினது" என்று அண்ணி கடை முழுக்கச் சொல்லிக்கொண்டாள்.

சில வாரம் போயிற்று. ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணி சொன்னாள்: "தம்பி, உன் சுருட்டி சில நேரம் மக்கர் பண்ணுது. எல்லாத்தையும் அடிச்சு என்டர் தட்டிட்டுப் பாத்தா, புது அட்டை காலியா இருக்கு. மறுபடியும் அடிக்கிறேன். அப்புறம் பிடிச்சுக்குது."

"எப்பல்லாம் அப்படி ஆகுது?" என்று கேட்டிருக்க வேண்டும். எந்த நிரலாளனும் கேட்கிற முதல் கேள்வி அது. சின்னவன் என்ன செய்தான் தெரியுமா? சிரித்தான்.

"அண்ணி, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீங்கதான் திரையைப் பாக்கவே மாட்டேங்கறீங்களே. விரல் எங்கேயாவது தப்பாப் பட்டிருக்கும்."

அண்ணன் புரையேறுகிற அளவுக்குச் சிரித்தார். அண்ணியும் சிரித்துவிட்டு, "இருக்கும், இருக்கும். எனக்கு என்னப்பா தெரியும்?" என்று எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். பேச்சு வேறு எங்கோ போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் கண்ணாடிகள் திரும்பி வர ஆரம்பித்தன. முதலில் ஒரு பஸ் டிரைவர், "இதைப் போட்டா ரோடு வளையுது" என்று மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பிறகு ஒரு கல்லூரி மாணவி. பிறகு தையல்காரம்மா. அந்தம்மா புதுக் கண்ணாடி பழகிவிடும் என்று நினைத்துப் போட்டுக்கொண்டே தைத்திருக்கிறார். மெஷின் ஊசி விரலில் இறங்கிவிட்டது. கட்டுப்போட்ட விரலைத் தூக்கிக் காட்டி அவர் கடையில் நின்று அழுததை அண்ணி வீட்டில் வந்து சொன்னாள்.

முதலாளி எல்லோரையும் நிற்கவைத்துக் கேட்டார். டெஸ்டர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார்: "நான் சரியாத்தான் சொன்னேன். அந்தம்மாவுக்கு ப்ளஸ் பவர். அட்டையில மைனஸ்னு இருக்கு. யாராவது ப்ளஸ்ஸை மைனஸ்னு சொல்லுவாங்களா?" அப்படியானால் மிச்சம் யார்? சொன்னவர் சரியாகச் சொல்லியிருந்தால் கேட்டவள்தான் தப்பாகக் கேட்டிருக்க வேண்டும்.

"ஏம்மா, வயசாகுதில்ல, காது ஒரு தடவை பாத்துக்கோயேன்" என்றார் முதலாளி. அவர் கெட்டவர் இல்லை. அதனாலேயே அது அண்ணிக்கு அதிகம் வலித்தது.

அண்ணி தையல்காரம்மா வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். பிறகு காதைப் பார்த்தாள். காது கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். அண்ணி விடவில்லை. அன்று சாயங்காலம் அடுப்படியில் நின்று மெதுவாகச் சொன்னாள்: "காது நல்லா இருக்குன்னா, அப்ப தலைதான். எங்கம்மாவுக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சுது. முதல்ல அடுப்பை அணைக்க மறந்தாங்க. அப்புறம் தெரு மறந்துச்சு. கடைசியில என்னை 'நீ யாரும்மா?'ன்னு கேட்டாங்க."

வீட்டில் அதன்பின் ஒரு புதுப் பழக்கம் வந்தது. எதைச் சொன்னாலும் அண்ணி திருப்பிக் கேட்பாள். "நாளைக்குச் சீக்கிரம் போகணும்" என்றால், "நாளைக்குத்தானே? சீக்கிரம்னுதானே சொன்னே?" என்பாள். பூட்டின கதவை மறுபடி போய் இழுத்துப் பார்ப்பாள். சின்னவன் மனதில் ஒரு கணம், ஒருவேளை சுருட்டியோ என்று ஓடியது. தன் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தான். எத்தனை தட்டினாலும் பிசகாமல் வேலை செய்தது. அப்பாடா என்று மூடிவைத்துவிட்டான்.

கடையில் அண்ணியை மேசையிலிருந்து எழுப்பிவிட்டார்கள். ஃபிரேம்களைத் துடைத்து அடுக்குகிற வேலை. மேசைக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். அவள் ஒவ்வொரு எண்ணாகத் திரையைப் பார்த்துப் பார்த்து அடிப்பாள். சுருட்டியின் விசையைத் தொடுவதே இல்லை, மௌஸை வைத்து ஒவ்வொரு விண்டோவாக மூடுவாள். அவள் வந்ததிலிருந்து ஒரு கண்ணாடியும் திரும்பி வரவில்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

இப்படி இருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை சின்னவனின் ஆபீசில் பக்கத்து சீட்டுக்காரன் நாற்காலியோடு உருண்டு வந்தான். மேனேஜர் வரும்போது மேட்ச் ஸ்கோரை மறைப்பதற்காக அவன் சுருட்டியை வாங்கி வைத்திருந்தான்.

"டேய், உன் சுருட்டி சரியில்லைடா. மெயில் அடிச்சேன், திரையில ஒண்ணும் வரலை. மறுபடியும் அடிச்சேன், வந்துச்சு. அப்புறம் பாத்தா முதல்ல அடிச்சது பூரா, கீழ மினிமைஸ் ஆகிக் கிடந்த வேற ஃபைலுக்குள்ள போய் உக்காந்திருக்கு!"

"எப்ப ஆச்சு? அப்ப வேற என்ன திறந்திருந்தது?" என்று சின்னவன் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தான். பாருங்கள் அநியாயத்தை. அண்ணி சொன்னால் சிரிப்பு, ஆபீஸ்காரன் சொன்னால் கேள்வி.

"பிரிண்ட் கொடுத்திருந்தேன். அவ்வளவுதான்."

 பிரிண்ட். சின்னவன் லேப்டாப்பில் பிரிண்டரே கிடையாது. கடையிலோ ஒருவருக்கு பில் அச்சாகிக்கொண்டிருக்கும்போதே அண்ணி அடுத்தவருக்காக விசையைத் தட்டுவாள்.

விஷயம் இவ்வளவுதான். திரையில் எத்தனை விண்டோ இருந்தாலும், கீபோர்டு ஒரு நேரத்தில் ஒரு விண்டோவோடுதான் பேசும். சுருட்டி பழைய விண்டோவைக் கீழே இறக்கிப் புதியதை மேலே நிறுத்தும்போது, 'இனிமேல் இதோடு பேசு' என்று கீபோர்டுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொல்லத்தான் செய்தது. ஆனால் பிரிண்டரின் குட்டி விண்டோ அந்த நேரம் பார்த்துக் குறுக்கே நின்றால் அந்த வார்த்தை போய்ச் சேராது. மேலே தெரிவது புதிய அட்டை. எழுத்து போய் விழுவது கீழே ஒளிந்திருக்கிற பழைய அட்டையில்.

சின்னவன் தன் இடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். தையல்காரம்மாவுக்கு அண்ணி சரியாகத்தான் அடித்திருக்கிறாள். அடுத்த ஆளின் எண்களை அடிக்கும்போது அவை தையல்காரம்மாவின் அட்டைமேலேயே போய் விழுந்திருக்கின்றன. என்டர் தட்டியதும் அது சேமித்தும் கொண்டுவிட்டது. புது அட்டை காலியாக இருப்பதைப் பார்த்த அண்ணி, டெஸ்டரைக்கூடக் கேட்காமல், மனதில் இருந்ததை அப்படியே மறுபடி அடித்திருக்கிறாள். இரண்டு கண்ணுக்கும் உண்டான எண்கள் அத்தனையும், ஒன்று பிசகாமல். அந்தத் தலையைத்தான் அவள் இன்றைக்குச் சந்தேகப்படுகிறாள்.

கூடம் நிஜமாகவே கோணல். கட்டியவன் இவன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான்.

சரிசெய்ய நாலே நாலு வரி. 'கீபோர்டு உன்னோடுதான் பேசுகிறதா?' என்று புது விண்டோவை ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே கீபோர்டை விடுகிற மாதிரி மாற்றினான். ஆபீஸ் பிரிண்டரில் வெற்றுத்தாளாக அடித்து அடித்துச் சோதித்தான். ஒன்றும் தப்பவில்லை. அப்போதே எழுந்து வீட்டுக்கு ஓடி, "அண்ணி, தப்பு என்னுது" என்று சொல்லியிருக்கலாம். பாதி வழி வரை அதே நினைப்போடுதான் வந்தான். தெருமுனை திரும்பும்போது, முதலில் கடையில் சரிசெய்துவிட்டு அப்புறம் சொல்லலாமே என்று ஒரு குரல் சொல்லியது. கோழைக்கு நல்ல யோசனை எப்போதும் சரியான நேரத்தில் வந்துவிடும்.

மறுநாள் கடைக்குப் போனான். "சுருட்டிக்குப் புது வெர்ஷன், போட்டுட்டுப் போறேன்" என்றான். முதலாளி, "போடுங்க தம்பி, யாரும் தொடறதில்ல, இருந்தாலும் இருக்கட்டும்" என்றார். அண்ணி கையில் துடைக்கிற துணியோடு வந்து நின்றாள். அவள் மேசைப் பக்கம் வராமல் இரண்டடி தள்ளியே நின்றதைச் சின்னவன் கவனித்தான்.

"பாத்தீங்களா சார், யாரும் கேக்காமலே வந்து சரிபண்ணித் தரான்" என்று அண்ணி முதலாளியிடம் சொன்னாள். "அவனுக்கு இதுல அவ்வளவு அக்கறை."

சின்னவனுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று இருந்தது. திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். வலிக்கிறது என்று சொல்லவும் முடியாது. பழைய வெர்ஷனை அழித்தான், புதியதைப் போட்டான், அண்ணி வாங்கிவந்த டீயைக் குடித்தான். அதுவும் இறங்கியது, என்ன தொண்டையோ.

டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கியிருந்த தலை ஸ்கேன் அண்ணிக்கு வியாழக்கிழமை. அண்ணனுக்கு ஷிப்ட் மாற்ற முடியவில்லை. "நீ கூட்டிட்டுப் போடா" என்றார். பைக்கில் போகும் வழியெல்லாம் அண்ணி அவன் தோளைப் பிடித்திருந்தாள். சிக்னலில் நின்றபோது சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தான், பச்சை விழுந்துவிட்டது. நல்ல சாக்கு.

உள்ளே போகுமுன் நர்ஸ் நகையெல்லாம் கழற்றச் சொன்னாள். அண்ணி வளையலையும் தோட்டையும் கழற்றிச் சின்னவன் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள்.

"பத்திரம் தம்பி" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏதாவது இருந்தா உங்க அண்ணன்கிட்ட நீயே சொல்லு. என்னால முடியாது. அவர் தாங்கமாட்டார்."

கதவு மூடிக்கொண்டது. உள்ளே மெஷின் தடதடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. தோடு இன்னும் அவள் சூட்டோடு இருந்தது. சின்னவன் கையை விரிக்கவே இல்லை. உள்ளே படுத்திருக்கிறவளுக்கு ஒன்றும் இல்லை என்பது உலகத்திலேயே அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். எழுந்து கதவைத் தட்டி ஒரு வாக்கியம் சொன்னால் போதும், அவள் எழுந்து வந்துவிடுவாள். அவன் பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தான். 

மறுநாள் சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. "ஒண்ணுமே இல்லை அண்ணி, எல்லாம் நார்மல்!" என்று கத்தினான். இத்தோடு முடிந்தது, இனி சொல்ல வேண்டிய அவசியமே இல்லை என்றுகூட அந்த நொடியில் நினைத்தான், பாவி.

அண்ணி ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லைன்னா, அப்புறம் ஏன் இப்படி ஆகுது எனக்கு?" என்றாள்.

சனிக்கிழமை சாப்பிட்டு முடித்ததும் அண்ணி வந்து சின்னவன் எதிரே உட்கார்ந்தாள். அண்ணன் பக்கத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, உன் லேப்டாப்பைக் கொடு. டெஸ்டர் சொல்ற மாதிரி நீ நம்பர் சொல்லு, நான் அடிக்கிறேன். எத்தனை தப்பு வருதுன்னு பாத்துடுவோம். நாளைக்கு முதலாளிகிட்ட வேலையை விட்டுடறேன்னு சொல்லப்போறேன். அதுக்கு முன்னாடி எனக்கே தெரியணும்."

அவன் சொன்னான். "வலது, ப்ளஸ் ஒண்ணே கால். சிலிண்டர் அரை. ஆக்சிஸ் நூத்தியெண்பது." அவள் சுவரைப் பார்த்தபடி அடித்தாள். எல்லாம் சரி.

"இன்னும் வேகமா சொல்லு."

சொன்னான். எல்லாம் சரி.

"டிவி சத்தத்தைக் கூட்டுங்க" என்றாள் அண்ணனிடம். "கடையில சத்தமாத்தானே இருக்கும். ம், சொல்லு தம்பி. ப்ளஸ்ஸும் மைனஸும் கலந்து சொல்லு."

கலந்து சொன்னான். குரல் பிசிறியது. அவள் விரல் பிசகவில்லை. ஒரு புள்ளி தப்பவில்லை. அண்ணி திரையைப் பார்த்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"வீட்ல எல்லாம் வருது. அங்க மட்டும் ஏன் தம்பி? நான் என்ன பாவம் பண்ணினேன்? அந்தம்மா விரல்ல ஊசி இறங்கினது என் கண்ணுக்குள்ளயே நிக்குது."

"அண்ணி," என்றான் சின்னவன். "நீங்க தப்பே பண்ணலை. சுருட்டிதான். என் தப்புதான் அண்ணி."

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். பிரிண்டர், கீழே ஒளிந்திருந்த அட்டை, காலியான புது அட்டை, அவள் மறுபடி அடித்தது. உடைந்த குழாய் மாதிரி நிறுத்தாமல் கொட்டினான். அண்ணன் டிவியை அணைத்தார்.

"டேய், அவ அன்னைக்கே இதே இடத்துல உக்காந்து சொன்னாளேடா. நானும் சேர்ந்து சிரிச்சேனே." அவர் எழுந்து நின்றார். கை ஓங்கியிருந்தது. அண்ணி ஒரு கையால் அதைத் தடுத்தாள். அவள் முகத்தில் முதலில் வந்தது என்னவோ வெளிச்சம்தான். "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்று கேட்டாள். "அம்மா மாதிரி இல்லையா?"

"இல்லை அண்ணி. ஒண்ணுமே இல்லை."

அவள் மூச்சை இழுத்து விட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

சின்னவன் தலை குனிந்தான். "திங்கட்கிழமை."

 அண்ணி கையைத் தூக்கித் தன் காதுத் தோட்டை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள்.

"வியாழக்கிழமை என் தோட்டைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தியே. அப்ப தெரியுமா?"

"தெரியும் அண்ணி."

"நான் உள்ள படுத்துக்கிட்டு அம்மாவை நினைச்சு அழுதேன். அசையக்கூடாதுன்னாங்க. கண்ணீரைக்கூடத் துடைக்க முடியலை." அவள் எழுந்தாள். லேப்டாப்பை மெதுவாக மூடி அவன் பக்கம் தள்ளினாள். "கம்ப்யூட்டர்ல தப்பு வரும் தம்பி. யாருக்குத்தான் வராது? அதுக்கு நான் கோவப்படலை" என்றாள். மீதியைச் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அண்ணனும் பின்னாலேயே போனார்.

மறுநாள் கடை திறக்கும்போதே சின்னவன் வாசலில் நின்றான். முதலாளி, டெஸ்டர், மேசைப் பெண், அண்ணி எல்லோரையும் இருக்கச் சொல்லி நடந்ததைச் சொன்னான். முதலாளி நம்பவில்லை.

"தம்பி, அண்ணி மேல பாசம், புரியுது. அதுக்காக நடக்காததை நடந்ததுன்னு சொன்னா எப்படி? எங்க, செஞ்சு காட்டுங்க பாப்போம்."

எதைச் செய்து காட்டுவான்? பழைய சுருட்டியைத்தான் அவனே வந்து அழித்துவிட்டுப் போயிருந்தானே. புது வெர்ஷன் பிரிண்டர் எத்தனை தடவை குறுக்கே நின்றாலும் அழகாக வேலை செய்தது. முதலாளி கையைக் கட்டிக்கொண்டார்.  சின்னவன் பையிலிருந்து பென்டிரைவை எடுத்து, தான் மூடி மறைத்த பழைய சுருட்டியை எல்லோர் முன்னாலும் மறுபடி போட்டான். பில் ஒன்றை அச்சுக்குக் கொடுத்தான், விசையைத் தட்டினான், மேலே வந்த வெற்று அட்டையில் எண்களை அடித்தான். அட்டை காலியாகவே இருந்தது. கீழே கிடந்த அட்டையைத் திறந்தான். எண்கள் அத்தனையும் அங்கே இருந்தன.

"தையல்காரம்மா அட்டையையும், அவங்களுக்கு அடுத்து வந்தவரோட அட்டையையும் எடுத்துப் பாருங்க" என்றான்.

மேசைப் பெண் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். இரண்டும் ஒரே பவர். டெஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "அடக் கடவுளே" என்றார். பிறகு அண்ணியைப் பார்த்து, "நானும் உங்களைத்தான் நினைச்சேன்மா" என்றார்.

முதலாளி அண்ணியின் கையிலிருந்து துடைக்கிற துணியைத் தானே வாங்கி ஓரமாக வைத்தார். "வாம்மா, வந்து உன் இடத்துல உக்காரு. தையல்காரம்மா வீட்டுக்கு நானே போய்ச் சொல்றேன்." மேசைப் பெண் எழுந்து இடம் விட்டாள். சின்னவன் பழைய சுருட்டியை அழித்துப் புதியதைப் போட்டுக் கொடுத்தான். அவனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது போல இருந்தது. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைத்தான்.

அன்றைக்கு முதல் ஆளாக ஒரு தபால்காரர் வந்தார். டெஸ்டர் அவரை உள்ளே கூட்டிப்போனார். அண்ணி விசையைத் தட்டினாள். சுருட்டி எல்லாவற்றையும் சுருட்டி, வெற்று அட்டையை மேலே நிறுத்தியது. டெஸ்டர் இன்றைக்கு ஒரு குஷியில் இருந்தார், பழைய வேகத்தில் ஆரம்பித்தார்.

"வலது, மைனஸ் ரெண்டே கால்! சிலிண்டர் அரை! ஆக்சிஸ்..."

"இருங்க, இருங்க" என்றாள் அண்ணி. ஒரு எண்ணை அடித்தாள். கழுத்தைத் திருப்பித் திரையைப் பார்த்தாள். இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்தாள். "ரெண்டே கால்தானே சொன்னீங்க?"

"ஆமாம்மா."

"மைனஸ்தானே?"

"மைனஸ்தான்."

அடுத்த எண்ணை அடித்தாள். மறுபடி பார்த்தாள். கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "ம், அடுத்தது சொல்லுங்க" என்றாள்.

சின்னவன் மேசை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். "அண்ணி, இப்ப எல்லாம் சரியா இருக்கு. நல்லா சோதிச்சுட்டேன். வேணும்னா ஒவ்வொரு நம்பருக்கும் ஒரு சத்தம் வர்ற மாதிரி வைக்கட்டுமா? நீங்க பாக்கவே வேண்டாம்."

"வேண்டாம்ப்பா" என்றாள் அண்ணி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நான் பாத்தே அடிச்சுக்கறேன்."

பின்னால் வரிசையில் இன்னும் இரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். யாரும் அவள் விரலைப் பார்க்கவில்லை. உள்ளே டெஸ்டர் ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார்.